எங்கள் வீட்டு வைகை அணை

மதுரையில் ஒரு குடும்பஸ்தன் கடைக்குப் போய் வாய்திறந்து தெர்மாகோல் கேட்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 2017-ஆம் வருடக் கோடை. அந்தக் கோடையில்தான் நான் கேட்டேன். நாலு ஷீட்.

ஏன் கேட்க முடியாது என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமான அளவைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. மதுரைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற வைகை அணைக்கு முழு நீர்மட்டம் 71 அடி. அந்த ஏப்ரலில் அங்கே இருந்தது அடிவண்டல். இருக்கிற கொஞ்சத்தையும் வெயில் குடித்துவிடக் கூடாதே என்று, ஏப்ரல் 21-ஆம் தேதி, அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜு அணைக்குப் போனார். அதிகாரிகள் சூழ, டேப் போட்டு ஒட்டிய தெர்மாகோல் அட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டார். திட்டத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று செய்தியில் சொன்னார்கள். காற்று அடித்தது. விட்ட அட்டைகள் கரைக்குத் திரும்பி வந்தன. சில உடைந்தும் வந்தன. அவ்வளவுதான் சம்பவம்.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. வடிவேலுவின் முகம் ஒட்டாத செல்போன் இல்லை. வறட்சியில் ஒரு ஜனம் இவ்வளவு சிரித்தது சரித்திரத்தில் உண்டா தெரியாது. நானும் என் பங்குக்கு இறங்கினேன். என்னிடம் ஒரு சின்ன வியாதி உண்டு. விஞ்ஞானம், அரசியல், ராக்கெட், ரூபாய் நோட்டு என்று எந்தச் செய்தி வந்தாலும் அதற்கு அரை மணி நேரத்துக்குள் ஒரு கேலி வரி சொல்லாவிட்டால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. அன்று சாயங்காலம் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி இரண்டு வரி தயார் செய்தேன்.

ஒன்று: “வைகை அணைக்குப் போர்வை போர்த்தியாச்சு. இனி தலையணைதான் பாக்கி.”

இரண்டு: “வைகை அணை இன்னும் பேக்கிங்கே பிரிக்கலை. வாரண்டி இருக்கு, யாரும் தொடாதீங்க.”

இரண்டாவது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். டி.வி. பெட்டியில் தெர்மாகோல் வருகிறது, அணையிலும் வந்திருக்கிறது, ஆகவே அணை புதுசு. விளக்கினால் செத்துவிடுகிறது, தெரிகிறது. ஆனால் அன்று அதை வாட்ஸ்அப்பில் போடும்போது என் விரல் நடுங்கியது, அவ்வளவு பெருமை.

போட்ட இடம்தான் தவறு. குழுவின் பெயர் ‘செல்லூர் சொந்தங்கள்’.

என் மனைவி பிறந்து வளர்ந்தது, அமைச்சர் பெயரோடு ஒட்டியிருக்கிற அதே செல்லூர். கண்மாய்க்கரைப் பக்கம் அவள் வீடு. அவளுடைய சொந்தம் நாற்பத்திரண்டு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். வெளியூர்க்காரன் என்றால் நான் ஒருத்தன்தான். என் வீடு வைகை ஆற்றுக்குத் தெற்கே. நாற்பத்திரண்டு பேரும் படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மாமியார் மட்டும் இரண்டு கைகூப்பிய படம் அனுப்பினார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் அனுப்புவார். பிறந்தநாள், இழவு, மின்தடை எல்லாவற்றுக்கும் ஒரே கும்பிடு.

ராத்திரி தோசைக்கல்லில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

“அவரு செஞ்சதுல என்ன தப்புங்கிறேன்? தண்ணி தெறந்து கெடந்தா வத்தத்தானே செய்யும்? மூடுனா வத்தாது. நம்ம பின்கட்டுத் தொட்டிக்கு ஒரு மூடி போடுங்கன்னு ரெண்டு வருசமாச் சொல்றேன். போட்டீங்களா?”

இதுதான் குடும்ப வாழ்க்கையின் விசித்திரம். பேச்சு எங்கிட்டுத் தொடங்கினாலும், அணையில் தொடங்கினாலும், அமெரிக்க அதிபர் தேர்தலில் தொடங்கினாலும், கடைசியில் அது நான் செய்யாத ஒரு வேலையில் வந்து நிற்கும்.

“அது வேற, இது வேறம்மா,” என்றேன். “அங்க நடந்தது விஞ்ஞானத்துக்கே அவமானம்.”

“ஆமா, பெரிய விஞ்ஞானி. ரெண்டாயிரம் ரூவாயை லைட்ல புடிச்சு சிப்பு தேடுனவுகதானே நீங்க?”

இந்த இடத்தில் நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா, அதற்கு அடுத்த நாட்களில் புது 2,000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு செய்தி சுற்றியது. அப்படி எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் நான் நம்பினேன். நான்கு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய இரண்டு நோட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். காந்தியின் நிழல் தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்தார். சிப் தெரியாததால் அது ‘ரொம்பப் பொடிசா’ இருக்கும் என்று முடிவு செய்து, ஒன்றை அரிசிப் பானையிலும் ஒன்றை பீரோவிலும் வைத்து, ‘ஒரே இடத்தில் வைத்தால் மேலே காட்டும்’ என்று மனைவிக்கு விளக்கமும் சொன்னேன். இரண்டும் சேர்ந்து நாலாயிரம் ரூபாய். செயற்கைக்கோளுக்கு வேறு வேலை இல்லை.

ஆக, ஐந்து மாதத்துக்கு முன் சிப் தேடிய ஆசாமிதான் ஏப்ரலில் அமைச்சரின் விஞ்ஞானத்தைக் கேலி செய்தவன். இரண்டும் ஒரே மனிதன் என்பதை உலகத்தில் ஒருத்திதான் ஞாபகம் வைத்திருந்தாள். துரதிர்ஷ்டவசமாக அவளிடம்தான் எனக்குச் சாப்பாடு.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல கேலி எப்படி இருக்கும் என்பது எனக்கு 2019-இல்தான் புரிந்தது. அந்த செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலை சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்குகிற கடைசி நேரத்தில் தொடர்பை இழந்தது. நாடே முகம் தொங்கிக் கிடந்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்துதான் சாலை விதி மீறலுக்குப் புது அபராதம், ஆயிரக்கணக்கில். நாக்பூர் போலீஸ் ஒரு வரி போட்டது: விக்ரம், தயவுசெய்து பதில் சொல்லு, சிக்னலை மீறியதற்கு உனக்கு அபராதம் போட மாட்டோம் என்கிற பொருளில். சிக்னல் என்ற ஒரு சொல்லில் விஞ்ஞானமும் போக்குவரத்தும் முடிச்சு விழுந்துவிட்டது பாருங்கள். அடிபட்டவனை அடிக்கவில்லை; அழுதுகொண்டிருந்தவனுக்கும் சிரிப்பு வந்தது. இதை எழுதியது போலீஸ். நான் இருபது வருடமாகக் கேலி எழுதிப் பழகுகிறேன். சரி, தொட்டிக்கு வருவோம்.

அந்தத் தோசை ராத்திரிக்கு மறுநாள் என் மகள் விடுதியிலிருந்து வந்தாள். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அவளிடம் என் வாரண்டி வரியைக் காட்டினேன். சிரித்தாள். மனம் நிறைந்தது. சிரித்து முடித்துவிட்டு, “ஆனா அப்பா, லாஸ் ஏஞ்சல்ஸ்ல இதையேதான் செஞ்சாங்க,” என்றாள்.

செய்திருக்கிறார்கள். 2015 ஆகஸ்டில், கலிபோர்னியா வறட்சியில் காய்ந்துகொண்டிருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் குடிநீர்த் தேக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். 9 கோடியே 60 லட்சம் பந்து. 175 ஏக்கர் தண்ணீர் கண்ணுக்கே தெரியாமல் மூடிவிட்டது. நகர மேயரே நின்று கடைசித் தவணையைத் தள்ளிவிட்டார். செலவு மூன்றரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு, அன்றைய கணக்கில் 220 கோடி ரூபாய். உண்மையில் அவர்களுடைய முதல் கவலை ஆவியாதல்கூட இல்லை. தண்ணீரில் இயல்பாக இருக்கும் புரோமைடு, கிருமிக்காகப் போடும் குளோரின், மேலே அடிக்கும் வெயில் மூன்றும் கூடினால் புரோமேட் என்று ஒன்று உண்டாகும். அது புற்றுநோயைக் கொண்டுவரலாம் என்பதால் வெயிலை மறைக்கத்தான் பந்து. தண்ணீர் வற்றாமல் இருந்தது கூடுதல் லாபம்.

“அந்தப் பந்து மட்டும் பறக்கலையா?” என்றேன்.

“ஒவ்வொரு பந்துக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி ஊத்தி மூடியிருக்காங்கப்பா. கனம் வேணும்ல.”

கனம். இந்தச் சொல்லை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. எனக்குக் கேட்டது வேறு: ‘மூடுவது சரி, மூடிய விதம்தான் கோளாறு.’ அப்படியானால் சரியான விதத்தில் மூடி, மனைவிக்கும் நாற்பத்திரண்டு சொந்தங்களுக்கும் ஒரு பாடம் காட்டலாமே? பெரியவர்கள் கோட்டைவிட்ட இடத்தில் நான் கொடி நாட்டலாமே?

தாளும் பேனாவும் எடுத்தேன். எங்கள் பின்கட்டு சிமெண்ட் தொட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி ஆழம். மேற்பரப்பு 24 சதுர அடி, அதாவது இரண்டே கால் சதுர மீட்டருக்கு ஒரு பிடி குறைவு. நம் ஊர்க் கோடையில் திறந்த தண்ணீர் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் அளவுக்கு வற்றும் என்று மகள் தேடிச் சொன்னாள். பெருக்கினால் 13 லிட்டர். ஏறக்குறைய ஒரு பிளாஸ்டிக் குடம்.

தினம் ஒரு குடம்! நாலு நாளைக்கு ஒருமுறை மாநகராட்சித் தண்ணீர் வந்த காலம் அது. குடத்துக்காகத் தெருக்குழாயில் குடுமிப்பிடி நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுத் தொட்டியிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர், யாரையும் கேட்காமல், வாசல் வழியாகக்கூடப் போகாமல், நேராக ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ரத்தம் கொதித்தது.

“அது வெட்டவெளிக் கணக்குப்பா. நம்ம தொட்டிக்குப் பாதி நாள் வேப்பமர நிழல். அரைக் குடம்தான் இருக்கும்,” என்றாள் மகள். அவள் படிப்பு முடிக்காதவள் என்று அதை விட்டுவிட்டேன்.

கடைக்குப் போனேன். எங்கள் தெருமுனை ஸ்டேஷனரிக் கடை வேண்டாம் என்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, என்னை யாருக்கும் தெரியாத கடையாகப் பார்த்து நுழைந்தேன். கூட்டம் கலையும்வரை பேனா மூடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மருந்துக்கடையில் சில சாமான் கேட்கிற குரலில், “தெர்மாகோல் இருக்கா?” என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார். “எத்தனை ஏக்கருக்கு சார்?”

“பொண்ணுக்கு... ஸ்கூல் ப்ராஜெக்ட்.”

“எடுத்துட்டுப் போங்க சார். தமிழ்நாடே இப்ப அந்த ப்ராஜெக்ட்தான் செய்யுது.”

ஷீட் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், ஓர் அங்குலக் கனம். நாலு ஷீட், ஒரு பிரவுன் டேப். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தது தனிக் கதை. ஸ்கூட்டரில் முன்னால் வைத்தால் ரோடு தெரியவில்லை. பின்னால் வைத்தால் ஷீட் தெரியவில்லை, பறந்துவிடுகிறது. கடைசியில் ஒரு கையால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், வடக்கே ஆறு இருக்கிற திசையைப் பார்த்தார். அவ்வளவுதான். அவர் ஒரு கலைஞர்.

இப்போது தெரிந்த ஒரு விஷயத்தை அப்போது தெரியாமல் போனதற்காக வருந்துகிறேன். தெர்மாகோலில் 100-க்கு 98 பங்கு காற்றுதான். மிச்சம் இரண்டு பங்குதான் பிளாஸ்டிக். ஒரு ஷீட்டின் எடை 200 கிராம், ஒரு கத்திரிக்காய்க் கூட்டுக்குக் காணாது. அதாவது நான் காற்றைக் காசு கொடுத்து வாங்கி, கக்கத்தில் வைத்துக் கொண்டுவந்து, காற்றையே எதிர்த்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். நாலு ஷீட் சேர்ந்தால் இரண்டு சதுர மீட்டர். தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். ஒரு முழம் போல இடைவெளி விழுந்தது. ‘காற்றோட்டத்துக்கு’ என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். ஓரங்களைத் தொட்டி அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தது. பிளேடு கிடைக்கவில்லை. அரிவாள்மனையில் உட்கார்ந்து தெர்மாகோல் நறுக்கிய முதல் ஆண்மகன் நானாகத்தான் இருப்பேன்.

தெர்மாகோலை நறுக்கினால் துண்டாகாது. உதிரும். வெள்ளை வெள்ளையாய் ஜவ்வரிசி போல உருண்டை உதிர்ந்து, கைலியில், மீசையில், காதுமடலில் ஒட்டிக்கொண்டது. தட்டினால் கைக்கு மாறும். கையைத் தட்டினால் மூக்குக்கு மாறும். அது மின்னேற்றத்தின் வேலை என்று பத்தாம் வகுப்பில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரவுன் டேப்போ தெர்மாகோலில் ஒட்டவில்லை, ஈரத்தில் ஒட்டவில்லை. என் முழங்கை முடியில் மட்டும் உறுதியாக ஒட்டியது. அமைச்சருக்காவது சுற்றிலும் அதிகாரிகள் இருந்தார்கள். எனக்கு ஒரு அணில்தான் இருந்தது. மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாக மிதக்க விட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து, குழுவில் போடுவதற்கு வரியும் யோசித்து வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வெற்றிச் செய்தியாகப் போடுவதாக உத்தேசம்.

மூன்றரை மணிக்குக் காற்று வந்தது.

கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அணைகளோடு வாழ்ந்தவர். ஈரம் சொட்டும் ஒரு ஷீட்டைக் கையில் பிடித்திருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

“சார், உங்க அணை எங்க வீட்டுக்கு வந்துருச்சு.”

நான் இருபது வருடத்தில் எழுதிய எல்லா வரிகளையும் அந்த ஒரு வரிக்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன்.

உள்ளே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். இடைவெளியை அளப்பது போலப் பார்த்தார். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, இது இன்று நேற்றுச் சமாச்சாரம் இல்லை சார் என்று ஆரம்பித்தார். 1950-களில் ஆஸ்திரேலியாவில் நீர்த்தேக்கங்களின் மேல் சீட்டைல் ஆல்கஹால் என்ற மெழுகு மாதிரியான பொருளைத் தூவிப் பார்த்தார்களாம். முகத்துக்குப் பூசும் கிரீமில் போடுகிற சாமான்தான். தண்ணீர் மேல் அது ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பாயாக விரிந்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, காத்தடிச்சா பாய் ஒரு ஓரமாச் சுருண்டுரும். எல்லாத்துக்கும் காத்துதான் சார் வில்லன். தண்ணியை மூடுறது பெரிய வேலை இல்ல. மூடுனது மூடுன எடத்துல கெடக்கணும், அதுதான் வேலை.”

அந்த ஒற்றை மூலக்கூறுப் பாய் எனக்குப் பிடித்துப்போய் ராத்திரி மேலும் தேடினேன். அதன் மூலத்தில் ஒரு பெண் இருக்கிறார். ஆக்னஸ் பொக்கல்ஸ். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊர். பெண்ணுக்கு அந்தக் காலத்தில் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவர், பாத்திரம் கழுவுகிற தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் பரவுகிறது என்று கவனித்து, அதை அளக்க ஒரு தகரத் தொட்டியும் தாமே செய்துகொண்டார். 1891-இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுத, அவர் அதை மெச்சி ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி வைக்க, அச்சேறியது. இன்றும் அந்தத் துறையில் அவர் பெயர் இருக்கிறது.

இதையெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவியிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சட்டியைத் தேய்த்தாள்.

“அந்தம்மா வீட்டுக்காரரு என்ன செஞ்சாரு?”

“அவங்க கல்யாணமே பண்ணிக்கிடலை.”

“அதான்,” என்றாள்.

தெர்மாகோலை அவள் பார்த்துவிட்டாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சரியம் என்னவென்றால் எடுத்துப் போடச் சொல்லவில்லை. “கெடக்கட்டும், பாப்போம்,” என்றாள். முப்பது வருடத்தில் அவள் இந்த இரண்டு சொல்லைச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்குச் செலவு வந்திருக்கிறது.

இரண்டாம் நாள் காக்கைகள் வந்தன. தொட்டியில் தண்ணீர் குடிக்க வருகிற காக்கைக்கு நிற்க ஒரு மேடை கட்டிக் கொடுத்தவன் நான். நின்று குடித்ததோடு போகாமல் கொத்தின. அணிலும் சேர்ந்துகொண்டது. உருண்டைகள் தண்ணீரெல்லாம் பரவின. மிதக்கிற உருண்டை அடியில் இருக்கும் புட்வால்வுக்கு எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் தைரியமாக இருந்தேன். தண்ணீர் குறையக் குறைய மேலே மிதந்ததும் கீழே வந்துதானே சேரும்? நாலாம் நாள் மோட்டார் போட்டால் உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. மாடித் தொட்டி காலி. குளியலறைக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு, ஒரு வெள்ளை உருண்டை, ஒரு சொட்டு.

பிளம்பர் வந்தபோது, அதற்கென்றே காத்திருந்தது போல, அன்று விடியற்காலை மாநகராட்சித் தண்ணீர் வந்து தொட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவர் குழாயை மேலே இழுத்து, புட்வால்வைத் தட்டி, உள்ளங்கையில் விழுந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்களுமா சார்?”

வால்வைக் கழுவி மாட்டினார். “இப்ப ஏறிரும். ஆனா உருண்டை உள்ள கெடக்குற வரைக்கும் வாராவாரம் நான் வரணும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.” தொட்டியை இறைத்துக் கழுவுவதே வழி என்றார். முக்கால் தொட்டித் தண்ணீரைப் பின்வாசல் வழியாக வெளியே இறைத்தோம். செய்தி பரவி, தெருவே குடத்தோடு வந்து நின்றது. துணி போட்டு வடிகட்டிப் பிடித்தார்கள். எங்கள் தெருவில் எனக்குக் கிடைத்த ஒரே ஜே கோஷம் அன்றைக்குக் கிடைத்தது. ஒரு பாட்டி, “வருசத்துக்கு ஒருதரம் இப்படிச் செய்யிப்பா,” என்று வாழ்த்தினார்.

ராத்திரி மகள் கணக்குப் போட்டாள். வெளியே போனது 2,000 லிட்டர். என் கணக்குப்படி தினம் 13 லிட்டர் ஆவியானால் 150 நாள். அவள் கணக்குப்படி அரைக் குடம்தான் என்றால் 300 நாள். ஆக, சூரியன் பத்து மாதம் உழைத்துக் குடிக்க வேண்டிய தண்ணீரை நான் ஒரே காலையில் காலி செய்திருந்தேன். இதில் பிளம்பர் கூலி, நாலு ஷீட், டேப், அரிவாள்மனையைச் சாணை பிடித்தது சேரவில்லை.

எனக்கு ஆறுதல் ஒரு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. 2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பந்துகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பந்து மிதந்த ஒன்றரை வருட வறட்சியில் மிச்சமான தண்ணீர் சுமார் 170 கோடி லிட்டர். அந்தப் பந்துகளைத் தயாரிக்கச் செலவான தண்ணீர் 290 கோடி லிட்டர். நியாயமாகச் சொன்னால், பந்துகள் மேலும் சில காலம் கிடந்தால் கணக்கு நேராகிவிடும். புரோமேட் பிரச்சினையையும் அவை தீர்த்தன. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 220 கோடி ரூபாய் போட்டு அவர்கள் போன வழியில்தான் நான் நாலு ஷீட்டில் போயிருக்கிறேன். மனைவியிடம் செய்தித்தாளைக் காட்டினேன். “அங்கயும் ஒரு மாமனார் வீடு இல்லாமப் போச்சே,” என்றாள்.

அவள் சொன்னது அவளுடைய அம்மாவை. தொட்டி கழுவிய மறுநாளே செல்லூரிலிருந்து மாமியார் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே என் மச்சினனும், ஆட்டோவின் கூரையில் கயிறு போட்டுக் கட்டிய பழைய தகரமும். அவர்கள் வீட்டுத் தொட்டியில் கிடந்தது; அவர்கள் புதுசு மாற்றிவிட்டார்கள்.

“மாப்ள, இதை மேல போட்டு வைங்க. பழசுதான், ஓட்டை இல்ல.”

“காத்துக்குப் பறக்காதா அத்தை?”

மாமியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு, மதிலோரம் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்துத் தகரத்தின் மேல் வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு காப்பி குடிக்க உள்ளே போனார். மொத்தம் நாற்பது வினாடி.

கனம்!

மச்சினன் அதைப் போட்டோ எடுத்து அன்றைக்கே குழுவில் போட்டான். தகரம், செங்கல், பக்கத்தில் மீசையில் இன்னும் ஓர் உருண்டையோடு நான். கீழே அவன் எழுதியது: “மச்சான் வீட்டு அணை. பேக்கிங் பிரிச்சாச்சு. வாரண்டி முடிஞ்சது.” நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். என்னுடைய வரிதான் அது. அவன் கையில் போனதும்தான் அதற்கு உயிர் வந்தது. மாமியார் கும்பிடு போட்டார்.

பிறகு உலகம் தன் வழியில் போனது. 2022-இல் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் நீர்த்தேக்கத்தில் சுமார் 150 கோடி ரூபாயில் மிதக்கும் சூரிய மின்நிலையம் திறந்தார்கள். மின்சாரமும் ஆகிறது, தண்ணீர் வற்றுவதும் குறைகிறது. மிதக்கிறது, ஆனால் கட்டிப்போட்டு மிதக்கிறது. யாரும் கேலி செய்யவில்லை. எனக்கே வரி வரவில்லை. 2,000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, அரிசிப் பானை நோட்டு ஞாபகம் வந்து தேடினேன். எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாமல் மனைவி அதை எப்போதோ செலவழித்திருந்தாள். செல்லூர் ராஜு 2021 தேர்தலில் மதுரை மேற்குத் தொகுதியில் மூன்றாவது முறையாக ஜெயித்தார். நான் எங்கள் தெரு நலச்சங்கப் பொருளாளர் பதவிக்கு நின்று தோற்றேன்.

செங்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தகரத்துக்கு ஒரு கை பெயின்ட் அடிங்க, துருப்பிடிக்கிறது என்று மனைவி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.